லஞ்சம் என்று எதை எழுதுகிறோம்? மருத்துவத் துறை ஊழல் பற்றிய ஆய்வுகளும் நம் கேள்விகளும்

(நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டது. தென்காசி பேருந்து நிலையத்தில் தோளில் துண்டும் கையில் எண்ணெய்க் குப்பியுமாக வெளியூர்க்காரர்கள் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். அருவியில் நின்றால் உடம்பு நேராகும் என்று நம்பிக் கும்பினிக் காலத்து வெள்ளைக்காரர்களே இங்கே பங்களா எடுத்துத் தங்கினார்கள். ஊரெல்லாம் உடம்பைத் தேற்றிக்கொள்ள நம் ஊருக்கு வருகிறது. நமக்கு உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் "ஹைகிரவுண்டுக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்று ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பாளையங்கோட்டைக்கு ஓடுகிறோம். 2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. அரசு மருத்துவக் கல்லூரி இன்னும் வரவில்லை. இந்தத் தூரத்தையும் மனதில் வைத்துக்கொண்டுதான் இன்றைய பொருளுக்குள் போக வேண்டும்.

யாருடைய பெயரால் இங்கே கூடியிருக்கிறோமோ அந்த அண்ணன் பீடி சுற்றும் குடும்பத்தில் பிறந்தவர். வரவு செலவை நாற்பது பக்க நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அவர் மறைந்தபின் அந்த நோட்டுகளை நாங்கள் புரட்டிப் பார்த்தோம். 1999-இல் மதினியின் பிரசவத்துக்கான செலவு ஒன்றில் இருந்தது. பக்கத்தை நடுவே கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார். இடப்பக்கத் தலைப்பு 'வைத்தியச் செலவு', வலப்பக்கம் 'லஞ்சம்'. வலப்பக்கத்தில் கேட்காவல் பத்து, தள்ளுவண்டி இருபது, ஆயா இருநூறு. பெண் குழந்தை, ஆணாயிருந்தால் முந்நூறு என்று ஆயாவுக்கு எதிரே அடைப்புக்குறி. இடப்பக்கத்தில் வெளியே வாங்கிய ஊசி, நூல், கையுறை. அதன்கீழ் 'டாக்டரை வீட்டில் போய்ப் பார்த்தது ஐந்நூறு'.

இலவசமாகப் பிரசவம் பார்க்க வேண்டிய அரசு மருத்துவமனை அது. அங்கு வேலை பார்க்கும் மருத்துவரை அவர் வீட்டில் போய்ப் பார்த்து ஐந்நூறு கொடுத்தால்தான் வார்டில் முகம் கொடுத்துப் பேசுவார் என்ற நிலையில் கொடுத்த பணம் 'வைத்தியச் செலவு' ஆகிறது. தள்ளுவண்டி தள்ளியவருக்குக் கொடுத்த இருபது 'லஞ்சம்' ஆகிறது. அண்ணன் சாதியைப் பற்றி நாற்பது ஆண்டு எழுதியும் பேசியும் வந்தவர். அவர் கையே இப்படித்தான் கோடு போட்டிருக்கிறது. உலகத்து ஆய்வாளர்கள் இந்தப் பொருளில் முப்பது ஆண்டுகளாகப் போட்டுவரும் கோடும் பெரும்பாலும் இதே கோடுதான் என்பதை விளக்கவே இந்த உரை.

முதலில் இலக்கணம். நம்பி ஒப்படைக்கப்பட்ட அதிகாரத்தைச் சொந்த ஆதாயத்துக்குப் பயன்படுத்துவது ஊழல். டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் முதல் உலக வங்கி வரை எல்லோரும் சற்று முன்பின்னாக இதைத்தான் சொல்கிறார்கள். 2006-ஆம் ஆண்டு டிரான்ஸ்பரன்சி இன்டர்நேஷனல் தன் உலக ஊழல் அறிக்கையை மருத்துவத் துறைக்கென்றே ஒதுக்கியது. அதில் வில்லியம் சாவடாஃபும் கரேன் ஹுஸ்மானும் மருத்துவத்தில் ஏன் ஊழல் எளிதாக நுழைகிறது என்பதற்கு மூன்று காரணம் சொன்னார்கள். யாருக்கு எப்போது நோய் வரும், எந்த மருந்து கேட்கும் என்பது நிச்சயமில்லை. மருத்துவருக்குத் தெரிந்தது நோயாளிக்குத் தெரியாது. அரசு, காப்பீட்டு நிறுவனம், மருந்து நிறுவனம், மருத்துவமனை, மருத்துவர், நோயாளி என்று ஆட்கள் பலர், யார் யாருக்குப் பொறுப்பு என்பது கலங்கிக் கிடக்கிறது. நல்ல விளக்கம்தான். ஆனால் 'நோயாளிக்குத் தெரியாது' என்ற ஒரு வரிக்குள் எத்தனை படிகள் இருக்கின்றன! வக்கீல் நோயாளிக்குத் தெரியாததும் பீடிக்கடைச் சம்பளத்தில் வாழும் நோயாளிக்குத் தெரியாததும் ஒன்றா? அந்தக் கேள்வி அங்கே எழவில்லை.

ஆய்வுகளின் தொடக்கக் காலம் எண்ணும் காலம். சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகளில் மருத்துவருக்கு உறையில் வைத்துக் கொடுக்கும் பணம் எவ்வளவு என்று எண்ணினார்கள். இலத்தீன் அமெரிக்காவில் மருத்துவமனைகள் பொருள் வாங்கும் விலையை ஒப்பிட்டார்கள். அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் 1996-இல் நகர அரசு ஒரு எளிய காரியம் செய்தது. ஸ்பிரிட், சலைன் போன்ற சாதாரணப் பொருள்களை ஒவ்வொரு அரசு மருத்துவமனையும் என்ன விலைக்கு வாங்குகிறது என்று பட்டியல் எடுத்து எல்லா மருத்துவமனைகளுக்கும் சுற்றுக்கு விட்டது. முதல் ஒன்பது மாதத்தில் விலை சுமார் 15 விழுக்காடு இறங்கியது. மருந்து மாறவில்லை, கடைக்காரர் மாறவில்லை, பார்க்கிறார்கள் என்ற பயம் மட்டும் வந்தது. பிறகு கண்காணிப்பு தளரத் தளர விலை மெல்ல ஏறியது. டி டெல்லாவும் ஷார்க்ரோட்ஸ்கியும் எழுதிய இந்த ஆய்வு இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது.

நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வீட்டுக்குள்ளேயே உண்டு. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் அரசு மருந்துக் கொள்முதலில் முறைகேடு வெளிப்பட்டது. அதன் பின் 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. அதற்கு முன் மருந்து வாங்குவது சிதறிக் கிடந்தது. எங்கே சிதறல் இருக்கிறதோ அங்கே கமிஷன் இருக்கும். கழகம் வந்தபின் தேவையான மருந்துகளுக்கு ஒரே பட்டியல், கம்பெனிப் பெயரில் அல்லாமல் மருந்தின் பொதுப்பெயரில். டெண்டர் இரண்டு உறைகளில் வரும். தயாரிக்கும் தகுதியைக் காட்டும் உறை முதலில் பிரியும், அதில் தேறியவரின் விலை உறைதான் அடுத்துப் பிரியும். வந்த மருந்தின் மாதிரி எந்தக் கம்பெனியுடையது என்று தெரியாத வகையில் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். மாவட்டக் கிடங்கிலிருந்து மருத்துவமனைகள் பாஸ்புக்கில் கணக்கு வைத்து எடுத்துக்கொள்ளும். பின்னர் கேரளமும் ராஜஸ்தானும் இதைப் பார்த்துத் தங்கள் கழகங்களை அமைத்துக்கொண்டன. கழகத்துக்குள்ளும் குறைகள் உண்டு, தணிக்கை அறிக்கைகள் அவ்வப்போது சுட்டுகின்றன. என்றாலும் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் காசில்லாமல் கிடைக்கிறதென்றால் ஒரு காலத்தில் யாரோ உட்கார்ந்து கமிஷன் ஓடும் வாய்க்காலை அடைத்தார்கள் என்று பொருள். ஒழுக்கப் பிரச்சாரம் செய்து யாரும் இதைச் சாதிக்கவில்லை. பொருள் வாங்கும் முறையை மாற்றினார்கள், அவ்வளவுதான். ஊழல் என்றாலே மனிதரின் குணக்கேடு என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் நாம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எண்ணும் காலத்துக்கு அடுத்து வேலைக்கு வராதவர்களைப் பிடிக்கும் காலம். 2006-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக ஆறு நாடுகளில் பள்ளிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் முன்னறிவிப்பின்றிப் போய்ப் பார்த்தார்கள். இந்தியாவில் சுகாதார ஊழியரில் 40 விழுக்காட்டினர் இடத்தில் இல்லை. 'வேலைக்கு வராமல் சம்பளம் வாங்குவதும் ஊழல்' என்ற பேச்சு அதிலிருந்து சூடு பிடித்தது. ராஜஸ்தானின் உதய்பூர் மாவட்டத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனமும் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்களும் சேர்ந்து கிராமச் செவிலியர்களுக்கு நேரம் பதியும் கருவி கொடுத்தார்கள். வராத நாளுக்குச் சம்பளம் பிடிக்க அரசும் ஒப்புக்கொண்டது. முதல் சில மாதம் வருகை ஏறியது. பிறகு 'அந்த நாள் மீட்டிங், இந்த நாள் வேறு பணி' என்று விலக்கு நாட்களை மேலதிகாரிகளே தாராளமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் பழைய இடத்துக்கே வந்து நின்றது. கருவி கெட்டுப்போகவில்லை, மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அதைச் செல்லாக்காசு ஆக்கினார்கள். ஆய்வாளர்கள் இதை மறைக்காமல் எழுதினார்கள், பாராட்ட வேண்டும். இருந்தும் ஆய்வின் கேமரா கடைசிப்படியில் இருக்கும் செவிலியர் மீதுதான் இருந்தது என்பதைக் கவனியுங்கள். அவருக்குக் குடியிருப்பு உண்டா, பஸ் உண்டா, இரவில் தனியாக நடக்க முடியுமா என்பதெல்லாம் பிறகுதான் கேள்விகளாயின.

அடுத்து வந்தது மக்கள் கண்காணிப்பின் மீது நம்பிக்கை வைத்த காலம். உகாண்டாவில் ஊர்மக்களையும் சுகாதார நிலைய ஊழியரையும் உட்காரவைத்து, நிலையத்தின் செயல்பாட்டை மதிப்பெண் அட்டையாகக் காட்டிப் பேசவைத்தார்கள். ஓராண்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக 2009-இல் வெளியான ஆய்வு சொன்னது. உலகமே கைதட்டியது. பத்தாண்டு கழித்து அதே நாட்டில் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலும் 2009 வாக்கில் தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் கீழ் கன்னியாகுமரி, தருமபுரி உள்ளிட்ட சில மாவட்டங்களில் மக்கள் கண்காணிப்புத் திட்டம் நடந்தது. கிராமக் குழுக்கள் கேள்வி கேட்கத் தொடங்கிய பிறகு அரசின் ஆர்வம் வடிந்து, சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. அந்தத் திட்டத்தோடு நெருங்கிப் பணியாற்றிய மருத்துவர் ராகல் கெய்டொண்டே மூன்று ஆய்வாளர்களுடன் சேர்ந்து, மருத்துவத் துறை ஊழலைக் குறைக்க உலகெங்கும் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளில் எது பலித்தது என்று தேடினார். 2016-இல் காக்ரேன் மதிப்பாய்வாக வந்த அந்தத் தேடலில், கொஞ்சமாவது தகுதி பெற்றவை ஒன்பது ஆய்வுகள் மட்டுமே. உறுதியான சான்று என்று சொல்ல ஏறக்குறைய எதுவும் இல்லை. இவ்வளவு பேச்சுக்கும் ஒன்பது!

ஏன் இந்த வறட்சி? பெரு நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்த பட்ரீசியா கார்சியா 2019-இல் லான்செட் இதழில் எழுதிய கட்டுரை இதற்கு விடை தேடியது. மருத்துவத் துறை ஊழலால் உலகம் ஆண்டுக்கு 50,000 கோடி டாலர் அளவுக்கு இழக்கிறது என்ற மதிப்பீட்டை எடுத்துக்காட்டிய அவர், இது எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் வாய் திறக்காத ரகசியம் என்றார். அதே ஆண்டு லண்டனைச் சேர்ந்த எலினார் ஹட்சின்சன், டீனா பாலபனோவா, மார்ட்டின் மெக்கீ ஆகியோர் வேறு கோணத்தில் கேட்டார்கள். ஊழல் என்று யார், எதைப் பெயரிடுகிறார்கள்? பிழைக்க வழியில்லாத அமைப்பில் கீழே இருப்பவர் செய்வதையும், அமைப்பையே தனக்காக வளைப்பவர் செய்வதையும் ஒரே சொல்லால் அழைத்தால் எதைப் புரிந்துகொள்ள முடியும்? அண்ணனின் நோட்டில் இருக்கும் கோட்டை ஆய்வுலகம் தொட்டது இங்கேதான்.

இந்தியாவிலும் அந்தப் பத்தாண்டில் உடைப்பு நடந்தது. இங்கே சிறிது காலம் வேலை பார்த்த ஆஸ்திரேலிய மருத்துவர் டேவிட் பெர்கர் 2014-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதிய கட்டுரை பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 2018-இல் சமீரன் நந்தி, கேசவ் தேசிராஜு, சஞ்சய் நாக்ரல் மூவரும் தொகுத்த நூல் மருத்துவர்களே தங்கள் துறையைப் பற்றிச் சாட்சி சொன்ன நூல். ஸ்கேனுக்கு அனுப்பினால் பங்கு, நோயாளியை அனுப்பினால் பங்கு என்ற 'கட்' பேச்சும் அதில் அச்சேறியது. நம் கிராமத்து ஆட்டோக்காரருக்கு இது முன்பே தெரியும் என்பது வேறு விஷயம். எந்த நர்சிங் ஹோமில் இறக்கினால் எவ்வளவு என்று அவர் சொல்வார்.

இந்தக் கட்டத்தில் சட்டத்தின் பார்வையையும் ஒரு வழக்கில் பார்க்கலாம். சென்னையின் அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனம் 'ஜிங்கோவிட்' சத்து மாத்திரையை எழுதவைப்பதற்காக மருத்துவர்களுக்குத் தங்கக்காசு, டிவி, பிரிட்ஜ், லேப்டாப் போன்றவற்றைக் கொடுத்தது. அந்தப் பணத்தைத் தொழில் செலவு என்று காட்டி வருமான வரியில் கழிவு கேட்டது. கழிவு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 22 அன்று தீர்ப்பளித்தது. கவனிக்க வேண்டியது, நிறுவனம் இதை மறைக்கவில்லை. கணக்குப் புத்தகத்தில் செலவு என்று எழுதி வரித் துறையிடமே கொண்டுபோய் நீட்டியது. அண்ணன் நோட்டின் இடப்பக்கம்தான் அதுவும். பணம் மேலே போகப் போக அதற்குக் கௌரவமான பெயர் கிடைத்துவிடுகிறது. அறுவைப் பிரசவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 36 விழுக்காடு, தனியாரில் 63.8 விழுக்காடு. அந்த வித்தியாசம் முழுக்க ஊழல் என்று நாம் சொல்லமாட்டோம். முழுக்க மருத்துவக் காரணம் என்று நம்பவும் முடியாது. ஆனால் அதற்கு ரசீது உண்டு. ரசீது இருப்பதை ஆய்வாளர்கள் ஊழல் கணக்கில் சேர்க்கத் தயங்குகிறார்கள்.

காப்பீடு வந்தபின் திருட்டு கணினிக்குள் நகர்ந்திருக்கிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றித் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் 2023 ஆகஸ்டில் வைத்த அறிக்கையில், 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணில் ஏழரை லட்சம் பயனாளிகள் இருந்தார்கள். தமிழ்நாட்டில் ஏழு ஆதார் எண்களில் 4,761 பதிவுகள். இறந்துவிட்டதாகக் காட்டப்பட்டவர்களுக்குச் சிகிச்சை நடந்ததாகவும் பணம் போயிருக்கிறது. இன்றைய ஆய்வுகளின் போக்கு இந்தப் பக்கம்தான். தரவுகளில் முறைகேட்டைத் தேடும் மென்பொருள், டெண்டர்களில் கூட்டுச் சதியைக் கண்டறியும் கணக்கு என்று போகிறது. தேவைதான். ஆனால் அந்தத் தரவுத் தளத்தில் நோயாளியின் சாதி வழியாக எதையும் பார்க்க யாரும் முனைவதில்லை.

இப்போது நம் கேள்விக்கு வருவோம். 1981-இல் மீனாட்சிபுரத்து மக்கள் மதம் மாறியபின் அந்த ஊருக்கு வராத ஆய்வாளர் இல்லை. ஏன் மாறினீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டார்கள். பிள்ளை பெற்றபோது எவ்வளவு கொடுத்தீர்கள், யாருக்குக் கொடுத்தீர்கள், உங்களைத் தொட்டுப் பார்த்தார்களா என்று கேட்டவரை நாம் அறியோம். கேட்டவர்கள் வேறு இடங்களில் உண்டு. 11 மாநிலங்களின் 565 கிராமங்களில் கள ஆய்வு செய்து கன்ஷியாம் ஷாவும் பிறரும் 2006-இல் வெளியிட்ட தீண்டாமை பற்றிய நூல், மூன்றில் ஒரு பங்குக் கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிந்தது. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளை மருத்துவத்தின்போது எப்படி நடத்துகிறார்கள் என்று ஆராய்ந்தார். ஒதுக்குதல் பற்றிய இந்த ஆய்வுகள் ஒரு அலமாரியில். ஊழல் ஆய்வுகள் வேறு அலமாரியில். வேலைக்கு வராத நாற்பது விழுக்காட்டில் சேரிக்கு மட்டும் வராதவர் எத்தனை பேர் என்று இரண்டு அலமாரிகளையும் சேர்த்துத் திறந்தால்தானே தெரியும்?

இதில் எங்கள் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் தென்மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில், பிரசவ வார்டில் ஒரு பணியாளர் பணம் வாங்குவதை யாரோ கைபேசியில் படம் எடுத்தார்கள். அந்த வீடியோவை நாங்களும் பரப்பினோம். நடவடிக்கை எடு என்று நோட்டீஸ் அடித்தோம். மறுநாளே நடவடிக்கை வந்தது. அவ்வளவு விரைவாக எந்த மனுவுக்கும் நமக்குப் பதில் வந்ததில்லை. வெற்றி என்று பேசிக்கொண்டோம். இரண்டு வாரம் கழித்து வேறு வேலையாக ஒரு சக்கிலியக்குடிக்குப் போனபோது அங்கே ஒரு திண்ணையில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். எங்களை அடையாளம் தெரிந்துகொண்டார், திட்டவில்லை.

"வாங்குனது நெசந்தான் தம்பி. பொய் சொல்லல. அதுல பாதி சூப்பர்வைசருக்குப் போவும். கொடுக்கலேன்னா மறுநா நைட் டூட்டி, பிணவறை. அதையும் படம் புடிச்சிருக்கலாம்லா?"

மருத்துவமனைத் துப்புரவு தனியார் ஒப்பந்தத்துக்குப் போய் நாளாகிவிட்டது. ஒப்பந்தத் தாளில் எழுதிய கூலிக்கும் கையில் வரும் கூலிக்கும் இடையே உள்ள பள்ளத்தைப் பற்றி மாவட்டந்தோறும் ஊழியர்கள் போராடியிருக்கிறார்கள். நாம் பார்த்தவரை அந்த வேலையில் இருப்போர் பெரும்பாலும் அருந்ததியர், பறையர், தேவேந்திரர் பெண்கள். ஒப்பந்ததாரர் விழுங்கும் கூலியை நோயாளியின் மடியிலிருந்து எடுத்துக்கொள் என்று அந்த அம்மாவிடம் யாரும் வாயால் சொல்லவில்லை. அமைப்பு சொல்கிறது. அண்ணல் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னாரே, அதை இங்கே கண்ணால் பார்க்கலாம். ஒவ்வொரு படியும் தனக்குக் கீழே ஒரு படியைத் தேடுகிறது. பணம் மேல்நோக்கி ஏறுகிறது, அவமானம் கீழ்நோக்கி இறங்குகிறது.

நம்மவர் கை என்பதால் அது வாங்கலாம் என்று நாம் சொல்ல வரவில்லை. பணம் கொடுத்த பெண்ணும் நம்மவள்தான். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து வந்தவளாக இருக்கலாம். பிரசவ வலியில் கிடப்பவளிடம் பெண் பிள்ளைக்கு ஒரு ரேட், ஆண் பிள்ளைக்கு ஒரு ரேட் பேசுவது கொடுமை. அதைக் கொடுமை என்றே சொல்வோம். எங்கள் தவறு அதைக் கண்டித்தது அல்ல, அதோடு நிறுத்திக்கொண்டது. ஒப்பந்தம் யாருக்குப் போனது, எத்தனை ஆள் கணக்குக் காட்டி எத்தனை ஆளை வைத்திருக்கிறார்கள், பி.எஃப். கட்டினார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. வீடியோ பரப்ப ஐந்து நிமிடம். அந்த அம்மா திரும்ப வேலைக்குச் சேரவில்லை, தோட்ட வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டோம்.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையை வைக்கிறோம். வரும் மூன்று மாதம் கடையநல்லூர், ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துப் பீடிக் குடும்பங்களிலும் செங்கோட்டை, புளியரைப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களிலும் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது ஆன செலவைக் கேட்டு எழுதப்போகிறோம். படிவம் தயார். அதில் 'லஞ்சம்' என்ற தலைப்பு இல்லை. யாருக்கு, எதற்கு, எவ்வளவு, ரசீது உண்டா, கேட்டு வாங்கினார்களா, கேட்காமலே கொடுத்தீர்களா, கொடுக்காதிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தீர்கள் என்ற வரிசை மட்டும். ஹைகிரவுண்டுக்குப் போய்வந்த வண்டிக்கூலியும் அதில் ஒரு வரி. நோயாளியின் சாதி ஒரு வரி, எப்படித் தொட்டுப் பார்த்தார்கள் என்பது ஒரு வரி. தனிப் படிவம் ஒன்று ஒப்பந்த ஊழியர்களுக்கு: எழுதிய கூலி, வாங்கும் கூலி, யாருக்குப் பங்கு. எந்தப் படிவத்திலும் பெயர் இருக்காது. கைபேசியை வெளியே எடுக்கக் கூடாது.

விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டுப் போகலாம். தேநீர் உண்டு.